காஸ்ட்ரின் கூடியிருக்கிறது, அமிலம் கூடவில்லை: எப்படி?

கேள்வி: எனக்கு வயது 46. நெஞ்செரிச்சலுக்காக ஐந்து மாதம் தினமும் பான்டோபிரசோல் 40 மில்லிகிராம் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. பிறகு நானாகவே நிறுத்தினேன். நான்காம் நாள் பழையதைவிட மோசமாக எரிந்தது. மருத்துவர் ஃபமோடிடின் கொடுத்தார். முதல் வாரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. இப்போது மறுபடி பான்டோபிரசோல், ஒரு மாதமாக. இதற்கிடையில் ரத்தப் பரிசோதனையில் காஸ்ட்ரின் 290 பிக்கோகிராம் என்று வந்திருக்கிறது. 100க்குள் இருக்க வேண்டுமாம். காஸ்ட்ரின்தான் அமிலத்தைச் சுரக்க வைக்கும் ஹார்மோன் என்று படித்திருக்கிறேன். அது மூன்று மடங்கு கூடியிருந்தும் எனக்கு எரிச்சல் இல்லையே? ஹார்மோன் சொல்வதை என் வயிற்றுச் செல்கள் கேட்பதில்லையா? முழங்கால் வலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக் போடுவேன். இந்த மாத்திரையை என்னால் விட முடியுமா?

பதில்: செல்கள் கேட்கின்றன. கேட்டு, செய்ய வேண்டியதை எல்லாம் செய்தும் விடுகின்றன. அமிலத்தை வெளியே தள்ளும் கடைசிப் படியில் மட்டும் உங்கள் மாத்திரை குறுக்கே நிற்கிறது. காஸ்ட்ரின் ஏறியது, நிறுத்திய நான்காம் நாள் எரிந்தது, ஃபமோடிடின் ஒரு வாரத்தோடு கைவிட்டது, இவை மூன்று தனித்தனிச் சிக்கல்கள் அல்ல. மூன்றும் ஒரே சுற்றில் வருபவை. அந்தச் சுற்றைச் சற்று நிதானமாகப் பார்த்துவிடுவோம். மாத்திரையை எப்போது போடுவது, எப்படி விடுவது என்பதெல்லாம் அதிலிருந்தே பிடிபடும்.

இரைப்பையின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்சுவரில் நுண்ணிய சுரப்பிகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அவற்றில் இருக்கும் பெரைட்டல் செல்கள்தாம் அமிலம் சுரப்பவை; உடலில் வேறெந்தச் செல்லும் இந்தச் செறிவில் அமிலம் தருவதில்லை. ஒருவருக்கு ஏறத்தாழ 100 கோடி பெரைட்டல் செல்கள் இருக்கும். செல்லுக்கு உள்ளே பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) 7ஐ ஒட்டி இருக்கிறது. அது வெளியே தள்ளும் திரவத்தின் பிஎச் 1க்கும் கீழே. ஹைட்ரஜன் அயனியின் செறிவு இரண்டு பக்கத்துக்கும் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது. இந்த மேட்டுக்கு எதிராக அயனியைத் தள்ளுவதற்குப் பெரும் ஆற்றல் வேண்டும். பெரைட்டல் செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மைட்டோகாண்ட்ரியா அடைந்திருப்பதன் காரணம் அதுதான்.

தள்ளுகிற வேலையைச் செய்வது புரோட்டான் பம்ப் என்கிற புரதம். செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே அனுப்பி, பதிலுக்கு ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே எடுக்கும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெளிப்பக்கத்தில் பொட்டாசியம் இல்லையென்றால் பம்ப் ஓடாது. செல் ஓய்வாக இருக்கும்போது பெரும்பாலான பம்புகள் செல்லின் உட்புறம் சிறு சிறு சவ்வுப் பைகளில் கிடக்கின்றன. அந்தப் பைகளின் சவ்வு வழியே பொட்டாசியம் போய்வர வழியில்லை. ஆகவே பம்ப் இருக்கிறது, வேலை இல்லை, அமிலமும் இல்லை. ஹார்மோன் வந்து செய்யும் காரியம் புதிதாகப் பம்பைத் தயாரிப்பது அல்ல. உள்ளே கிடப்பதை வெளிச்சவ்வுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது.

அந்த உத்தரவு மூன்று வழியில் வருகிறது: காஸ்ட்ரின், ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின். பாடப்புத்தகப் படங்களில் ஒரு பெரைட்டல் செல்லை வரைந்து, மூன்று அம்புகளைச் சம கனத்தில் அதன் மேல் போட்டிருப்பார்கள். உங்கள் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் படம்தான் என்று நினைக்கிறேன். மூன்றும் சமம் அல்ல. காஸ்ட்ரினின் பெரும்பகுதி வேலை பெரைட்டல் செல்லின் மேலேயே நடப்பதில்லை.

காஸ்ட்ரினைச் சுரப்பது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஜி செல்கள். உணவிலுள்ள புரதம் சிதைந்து பெப்டைடுகளும் அமினோ அமிலங்களும் வந்து சேரும்போதும், மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் வேகஸ் நரம்பு தூண்டும்போதும் இவை காஸ்ட்ரினை விடும். விடுவது இரைப்பைக் குழிக்குள் அல்ல, ரத்தத்துக்குள். சில அங்குலம் மேலே இருக்கும் செல்லுக்குச் செய்தி சொல்ல, அது கல்லீரல், இதயம், நுரையீரல் எல்லாம் சுற்றிவிட்டு இரைப்பையின் மேல்பகுதிக்குத் திரும்பி வருகிறது. வந்து முதன்மையாகப் பிடித்துக்கொள்வது பெரைட்டல் செல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஈசிஎல் செல்லை. அந்தச் செல்லின் மேல் சிசிகே2 என்கிற ஏற்பி இருக்கிறது. காஸ்ட்ரின் அதில் அமர்ந்ததும் ஈசிஎல் செல்லுக்குள் கால்சியம் ஏறும். சேமித்து வைத்திருந்த ஹிஸ்டமின் வெளியே வரும். அந்த ஹிஸ்டமின் ரத்தத்துக்குப் போகாமல், திசுத் திரவத்தின் வழியாகவே பக்கத்துப் பெரைட்டல் செல்லை எட்டுகிறது.

காஸ்ட்ரின் அதோடு நிற்பதில்லை. ஹிஸ்டமினைத் தயாரிக்கும் நொதியையும் ஈசிஎல் செல்லில் கூட்டுகிறது. வாரக்கணக்கில் காஸ்ட்ரின் உயர்ந்தே இருந்தால் ஈசிஎல் செல்களின் எண்ணிக்கையே பெருகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நான்காம் நாள் எரிச்சலுக்கு இங்கேதான் வேர்.

இனி பெரைட்டல் செல்லின் உள்ளே. ஹிஸ்டமின் அமரும் இடம் எச்2 ஏற்பி. செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். வெளிப்பக்கம் ஹிஸ்டமின் அமர்ந்ததும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறுகிறது. உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜிஎஸ் என்ற ஜி புரதம் அதை உணர்ந்து, தன்னிடமுள்ள குவானோசின் டைபாஸ்பேட்டைக் கைவிட்டு, அதைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலான குவானோசின் டிரைபாஸ்பேட்டை எடுத்துக்கொள்கிறது. (மேலே சொன்ன ஜி செல்லுக்கும் இந்த ஜி புரதத்துக்கும் சம்பந்தமில்லை.) அதன் ஒரு துண்டு பிரிந்துபோய் அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியைத் தட்டி எழுப்பும். அந்த நொதி ஏடிபியைச் சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றத் தொடங்கும். செய்தி பெருகுவது இந்தப் படியில்தான்: எழுந்த ஒரு நொதி பல சைக்ளிக் ஏஎம்பி மூலக்கூறுகளைத் தயாரித்துக்கொண்டே இருக்கும்.

சைக்ளிக் ஏஎம்பி போய்ச் சேரும் இடம் புரத கைனேஸ் ஏ. இந்த நொதியில் இரண்டு வேலைக்காரத் துண்டுகளும், அவற்றை அடக்கி வைத்திருக்கும் இரண்டு துண்டுகளும் உண்டு. அடக்கும் துண்டுகளில் நான்கு சைக்ளிக் ஏஎம்பி அமர்ந்ததும் வேலைக்காரத் துண்டுகள் விடுபட்டு, செல்லுக்குள் பல புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. அவற்றில் ஒன்று எஸ்ரின். செல்சவ்வையும் அதன் அடியில் உள்ள ஆக்டின் இழைகளையும் இணைப்பது அது. பாஸ்பேட் ஏறியதும் இழைகளின் அமைப்பு மாறுகிறது. பம்புகள் கிடக்கும் பைகள், ராப்11 போன்ற வழிகாட்டிப் புரதங்களின் துணையோடு, செல்லின் நடுவே ஓடும் சுரப்புக் கால்வாயின் சவ்வோடு போய் இணைகின்றன.

மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த மாற்றம் அப்பட்டமாகத் தெரியும். ஓய்வில் இருக்கும் செல்லில் கால்வாய் ஒடுங்கி, சுற்றிலும் பைகள் நிறைந்திருக்கும். தூண்டிய சில நிமிடங்களில் பைகள் குறைந்துபோய், கால்வாய் அகன்று, அதன் சுவரெல்லாம் நீண்ட நுண்விரல்கள் முளைத்திருக்கும். கால்வாய்ச் சவ்வின் பரப்பு 5 முதல் 10 மடங்கு வரை கூடிவிடும். அதே சவ்வில் பொட்டாசியத்துக்கும் குளோரைடுக்கும் வழிகள் திறந்திருக்கின்றன. பொட்டாசியம் வெளியே கசிய, பம்ப் அதை உள்ளே எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே தள்ளும். குளோரைடு கூடவே போகும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆயிற்று. தூண்டுதல் ஓய்ந்ததும் சவ்வு மறுபடி உள்ளே இழுக்கப்பட்டுப் பைகளாகிவிடும்.

உள்ளே மிஞ்சுகிற பைகார்பனேட் எங்கே போகிறது என்று சிலர் கேட்பதுண்டு. செல்லின் மறுபக்கம் வழியாக, குளோரைடுக்கு மாற்றாக, ரத்தத்துக்குப் போகிறது. நன்றாகச் சாப்பிட்ட பிறகு இரைப்பையிலிருந்து திரும்பும் ரத்தம் சற்றுக் காரத்தன்மையோடு இருப்பது அதனால்தான்.

அசிட்டைல்கோலினின் பாதை வேறு. வேகஸ் நரம்பின் தூண்டுதலால், பெரைட்டல் செல்லை ஒட்டிய நரம்பு நுனிகளிலிருந்து அது வருகிறது. அமர்வது எம்3 ஏற்பியில். உள்ளே எழுவது ஜிக்யூ என்ற வேறொரு ஜி புரதம். அது எழுப்புவது பாஸ்போலிப்பேஸ் சி. இந்த நொதி சவ்விலுள்ள ஒரு கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டான ஐபி3, செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியத்தைத் திறந்துவிடும். மற்றது புரத கைனேஸ் சியை எழுப்பும். பெரைட்டல் செல்லின் மேலும் சிசிகே2 ஏற்பிகள் உண்டு என்பதால் காஸ்ட்ரின் நேரடியாக வரும்போதும் இதே கால்சியப் பாதைதான். உணவை நினைத்தாலோ மணத்தாலோ அமிலம் ஊறத் தொடங்குவது வேகஸ் வழியாக. மனஅழுத்தம் வந்தால் அமிலம் பொங்கிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பலருக்கு அழுத்தத்தால் கூடுவது அமிலத்தைவிட உணவுக்குழாயின் கூருணர்ச்சிதான். அதே அளவு அமிலம், கூடுதல் எரிச்சல்.

சைக்ளிக் ஏஎம்பி ஒரு பாதை, கால்சியம் இன்னொரு பாதை. இரண்டும் தனித்தனியே வருவதைவிடச் சேர்ந்து வரும்போது விளைவு கூட்டுத்தொகையைத் தாண்டிவிடுகிறது. இதை ஆய்வகத்தில் காட்டிய விதம் சுவையானது. பிரித்தெடுத்த பெரைட்டல் செல்கள் திரவத்தில் மிதக்கும்போது அவை விடும் அமிலத்தை நேரடியாக அளக்க முடியாது. ஒரு பக்கம் அமிலமும் மறுபக்கம் பைகார்பனேட்டும் ஒரே திரவத்தில் கலந்து ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆகவே கதிரியக்கக் கார்பன் சேர்த்த அமினோபைரின் என்ற மென்காரத்தைத் திரவத்தில் விடுவார்கள். அது அமிலம் உள்ள கால்வாய்க்குள் போய் மின்னேற்றம் பெற்று, திரும்பி வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு மாட்டியது என்பதே சுரப்பின் அளவுகோல். அப்படிப் பார்த்தால் தனியாகக் கொடுத்த காஸ்ட்ரினுக்கு விளைவு சொற்பம். ஹிஸ்டமினுக்கு நல்ல விளைவு. ஹிஸ்டமினோடு மற்றதைச் சேர்த்தால் இரண்டின் கூட்டுத்தொகைக்கும் மேல்.

காஸ்ட்ரினா ஹிஸ்டமினா என்ற வழக்கு வெகுகாலம் நடந்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து அமிலத்தைத் தூண்டும் ஹார்மோன் வருகிறது என்று 1905இல் எட்கின்ஸ் சொன்னார். ஹிஸ்டமினே அமிலத்தைத் தூண்டும் என்று போபியெல்ஸ்கி 1920இல் காட்டியதும், எட்கின்ஸின் சாற்றில் இருந்தது வெறும் ஹிஸ்டமின்தான் என்று பலர் முடிவு கட்டினார்கள். ஹிஸ்டமின் நீக்கிய சாறும் அமிலத்தைத் தூண்டுகிறது என்று 1938இல் கோமரோவ் காட்டினார். 1964இல் கிரிகரியும் டிரேசியும் காஸ்ட்ரினைத் தூய நிலையில் பிரித்தார்கள். 1972இல் ஜேம்ஸ் பிளாக் குழு எச்2 ஏற்பியை அடையாளம் கண்டு, அதை அடைக்கும் மருந்தையும் கொண்டுவந்தது. அந்த மருந்து ஹிஸ்டமினால் வரும் அமிலத்தை மட்டுமல்லாமல் காஸ்ட்ரினால் வருவதையும் அடக்கியது. இரண்டு தரப்புமே பாதி சரி: காஸ்ட்ரின் பெரும்பாலும் ஹிஸ்டமினின் வாயால்தான் பேசுகிறது.

இத்தனை தூண்டலுக்கும் ஒரு கடிவாளம் உண்டு. டி செல்கள் சுரக்கும் சோமாடோஸ்டாடின். இரைப்பையின் பிஎச் 3க்குக் கீழே இறங்கினால் கீழ்ப்பகுதியில் உள்ள டி செல்கள் அதை விட்டு, பக்கத்து ஜி செல்லின் காஸ்ட்ரினை நிறுத்துகின்றன. மேல்பகுதி டி செல்களின் சோமாடோஸ்டாடின் ஈசிஎல் செல்லையும் பெரைட்டல் செல்லையும் அடக்கும். பெரைட்டல் செல்லுக்குள் அது ஜிஐ என்ற தடுக்கும் வகை ஜி புரதத்தை எழுப்பி, அடினைலில் சைக்ளேஸை மட்டுப்படுத்துகிறது. ஹிஸ்டமின் ஏற்றும் அதே சைக்ளிக் ஏஎம்பியை இது இறக்குகிறது.

இப்போது உங்கள் பான்டோபிரசோல். சாப்பிடும்போது அது செயலற்ற பொருள். குடலில் கரைந்து, ரத்தம் வழியாகப் பெரைட்டல் செல்லுக்குப் போய், அமிலம் ஓடிக்கொண்டிருக்கும் கால்வாய்க்குள் புகுந்து மாட்டிக்கொள்கிறது. அமினோபைரின் மாட்டிய அதே விதத்தில். அங்கேயுள்ள அமிலமே அதை வீரியமுள்ள பொருளாக மாற்றுகிறது. மாறியதும் பம்பில் 813ஆம் இடத்திலும், பான்டோபிரசோலைப் பொறுத்தவரை 822ஆம் இடத்திலும் உள்ள சிஸ்டீனோடு கந்தகப் பிணைப்பு போட்டுக்கொள்ளும். பூட்டுக்குள் சாவியை முறித்துவிட்டது போலத்தான். அந்தப் பம்ப் இனி ஓடாது. செல் புதுப் பம்ப் தயாரித்தால்தான் உண்டு. மருந்து ரத்தத்தில் ஓரிரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். விளைவு ஒரு நாளுக்கு மேல் நிற்பதன் இரகசியம் இந்தப் பிணைப்பு.

பம்ப் அடைபட்டதால் இரைப்பையின் பிஎச் நாளின் பெரும்பகுதி 4க்கு மேல் இருக்கும். டி செல்லுக்கு அமிலம் தட்டுப்படுவதில்லை; கடிவாளம் தளர்கிறது; ஜி செல் தாராளமாகக் காஸ்ட்ரினை விடுகிறது. ஈசிஎல் செல் ஹிஸ்டமினை விடுகிறது, பெரைட்டல் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது, பைகள் கால்வாயோடு இணைகின்றன. உத்தரவு ஒரு படி விடாமல் நிறைவேறுகிறது. வெளிச்சவ்வுக்கு வந்து ஓடத் தொடங்கும் பம்பைத்தான் மருந்து பிடிக்கிறது. உங்கள் 290 இந்த மருந்தில் இருப்பவரிடம் எதிர்பார்க்கக்கூடிய எண். மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம் என்றே அதைப் படிக்கலாம்.

நிறுத்தியபோது என்ன ஆனது? பம்பில் பாதி புதிதாக மாற ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் அமைதி. நான்காம் நாள் வாக்கில் பம்புகள் கணிசமாகத் திரும்பிவிட்டன. ஐந்து மாதக் காஸ்ட்ரினால் பெருகிய ஈசிஎல் செல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஹிஸ்டமின் வழக்கத்தைவிட அதிகம், பம்பும் தயார். நோய் முற்றிவிட்டது என்று நீங்கள் நினைத்தது பெரும்பாலும் இந்த எதிர்வீச்சுதான். இது நெஞ்செரிச்சல் நோயாளிகளுக்கு மட்டும் வருவதல்ல. 2009இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், அமிலத் தொல்லையே இல்லாத 120 பேரில் பாதிப்பேருக்கு 8 வாரம் ஈசோமெப்ரசோல் 40 மில்லிகிராம் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த 4 வாரத்தில் அவர்களில் 44 சதவீதத்தினருக்கு அமிலத் தொல்லை வந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம். எதிர்வீச்சு சில வாரங்களில் அடங்கும். நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு மாதமோ சற்றுக் கூடுதலாகவோ ஆகலாம்.

ஃபமோடிடின் அடைப்பது எச்2 ஏற்பியை மட்டும். அதுவும் நிரந்தரமாக அல்ல, ஹிஸ்டமினோடு போட்டியிட்டு. ஹிஸ்டமின் அதிகமாகிக்கொண்டே போனால் போட்டியில் மருந்து பின்தங்கும். தினசரி எடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வீரியம் குறைவது எல்லோருக்கும் தெரிந்த குறை. உங்களுக்கோ ஈசிஎல் செல்கள் பெருகியிருந்த நேரம் பார்த்து அதைத் தொடங்கியிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, சாப்பாட்டு நேரத்தில் வேகஸின் கால்சியப் பாதை திறந்தே இருக்கும். இரவு அமிலம் பெரும்பாலும் ஹிஸ்டமினை நம்பியது என்பதால், படுக்கும்முன் எடுத்தால் இது நன்றாகக் கேட்கும். தினமும் போடாமல், எரிகிற நாளில் மட்டும் 20 மில்லிகிராம் போட்டால் வீரியம் நிலைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

பான்டோபிரசோலைப் போடும் நேரம் பற்றி உங்கள் கடிதத்தில் இல்லை. ஓடும் பம்பைத்தான் அது பிடிக்கும் என்று பார்த்தோம். இரவெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்த பிறகு, நாளின் முதல் உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் போட்டால், மருந்து ரத்தத்தில் இருக்கும் நேரமும் உணவு பம்பை வெளியே கொண்டுவரும் நேரமும் ஒன்றிவரும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் பாதி வீண். படுக்கும்முன் போடுவதும் அப்படித்தான். சில உறைகளில் உணவோடும் உணவின்றியும் எடுக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். மருந்து உடம்பில் சேருவதற்கு அது பொருந்தும், ஆனால் முன்னதாகப் போடுவதே நல்லது. மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது; மேல்பூச்சு போனால் இரைப்பை அமிலத்திலேயே அது கெட்டுவிடும். முதல் மாத்திரையிலேயே முழுப் பலன் வராது. ஒவ்வொரு வேளையும் அப்போது ஓடும் பம்புகளை மட்டும் பிடிப்பதால், உச்ச விளைவுக்கு மூன்று நாள் வரை ஆகும். எரிகிறபோது மட்டும் ஒன்று போட்டுவிட்டு, கேட்கவில்லையே என்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

விடுவது பற்றிப் பேசுமுன் டைக்ளோஃபெனாக். இரைப்பைச் சுவரில் ஊறும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2, பெரைட்டல் செல்லில் இபி3 ஏற்பி வழியாக, சோமாடோஸ்டாடின் போலவே ஜிஐயை எழுப்பிச் சைக்ளிக் ஏஎம்பியை இறக்குகிறது. சுவரைக் காக்கும் சளிக்கும் பைகார்பனேட்டுக்கும் அதுவே ஆதாரம். டைக்ளோஃபெனாக் அதன் உற்பத்தியையே முடக்குகிறது. பூச்சிட்ட மாத்திரை, ஊசி, ஆசனவாய் வழி மருந்து எதுவானாலும் ரத்தம் வழியாக இதே விளைவு உண்டு; சாப்பிட்ட பின் போட்டேன் என்பதும் பாதுகாப்பு ஆகாது. ஆகவே முதலில் அதை விடப் பாருங்கள். முழங்காலுக்கு மேலே தடவும் ஜெல்லில் ரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு; பாராசிட்டமால் பெரைட்டல் செல்லை இப்படித் தொடுவதில்லை. வலி மாத்திரை தவிர்க்க முடியாது, அதிலும் முன்பு புண் வந்திருக்கிறது அல்லது ஆஸ்பிரினும் சாப்பிடுகிறீர்கள் என்றால், பான்டோபிரசோலை விடும் பேச்சே எடுக்க வேண்டாம். அப்போது அது எரிச்சலுக்கான மருந்து அல்ல, ரத்தக்கசிவைத் தடுக்கும் காப்பு. உணவுக்குழாயில் கடுமையான புண், பாரெட் மாற்றம் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்சுவர் மாறிப்போவது), ரத்தம் கசிந்த அல்சர் ஆகியவை எண்டோஸ்கோப்பியில் பதிவாகியிருந்தாலும் அப்படியே.

இவை எதுவும் இல்லையென்றால், உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால், விடலாம். ஒரே நாளில் நிறுத்துவதும் தவறல்ல. ஆனால் ஒருமுறை எதிர்வீச்சில் மாட்டியவர் என்பதால் படிப்படியாக இறங்குவதையே உங்களுக்குச் சொல்வேன். 40ஐ உடைக்காமல் 20 மில்லிகிராம் மாத்திரையாக வாங்கி இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு நிறுத்தம். நிறுத்திய பின் எரிகிற நாளில் அன்டாசிட் அல்லது ஆல்ஜினேட் திரவம், இரவில் தொல்லை என்றால் ஃபமோடிடின். கால்சியம் கார்பனேட் கலந்த அன்டாசிட்டை மட்டும் நாள் முழுக்க மென்றுகொண்டிருக்காதீர்கள். கால்சியமே ஜி செல்லைத் தூண்டிக் காஸ்ட்ரினை ஏற்றும். முதல் நான்கு வாரம் எரிவதை வைத்து, மாத்திரையின்றி வாழ முடியாது என்று தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டு மாதம் கழித்தும் அதே எரிச்சல் என்றால் அது எதிர்வீச்சு அல்ல. அடிப்படை நோய்க்கே மருந்து தேவை என்று பொருள், அப்போது குறைந்த அளவில் தொடர்வதில் குற்றமில்லை.

விழுங்கும்போது அடைப்பு, ரத்த வாந்தி, கரிய மலம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, ஓயாத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தத் திட்டம் எதுவும் பொருந்தாது, எண்டோஸ்கோப்பிதான். நெஞ்செரிச்சலோடு வியர்வை, மூச்சிரைப்பு, தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி சேர்ந்தால் அதை அமிலக் கணக்கில் எழுதாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

காஸ்ட்ரின் எண் குறித்துக் கடைசியாக. மருந்தில் இருக்கும்போது எடுத்த 290க்காகக் கவலைப்பட வேண்டாம். கட்டியால் காஸ்ட்ரின் சுரக்கும் சோலிஞ்சர் எலிசன் நோயில் எண் பெரும்பாலும் இன்னும் மேலே போகும். 1000ஐத் தாண்டி, அதே நேரத்தில் இரைப்பையின் பிஎச் 2க்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சந்தேகம் உறுதிப்படும். கூடவே பல புண்களும் வயிற்றுப்போக்கும் இருக்கும். காஸ்ட்ரின் கூடி, அமிலம் இல்லாமல், பி12 குறைந்திருந்தால் பெரைட்டல் செல்களே அழிந்துகொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகச் செயலிழப்பிலும் எண் ஏறும். மறுபடி சோதிப்பதாக இருந்தால் வெறும் வயிற்றில், பான்டோபிரசோலை ஒரு வாரமாவது நிறுத்திய பிறகு, மருத்துவர் சொல்லித்தான். கட்டி என்ற சந்தேகம் இருப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. ஹெலிகோபாக்டர் கிருமி டி செல்லின் கடிவாளத்தைத் தளர்த்திக் காஸ்ட்ரினைக் கூட்டுவது உண்டு. உங்களுக்கு அந்தச் சோதனை நடந்ததாகத் தெரியவில்லை. மூச்சு அல்லது மலப் பரிசோதனைக்குப் பான்டோபிரசோலை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் முன்னதாக நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். மாத்திரையை விடும்போது கிடைக்கும் இடைவெளியிலேயே அதையும் எடுத்துவிடலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.